மலைச் சைக்கிளுக்கு அகல டயரும் சக்கர அளவும்: தேர்ந்தெடுக்கும் முறை

மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்று சைக்கிள் வாங்க நினைப்பவரும், இருக்கும் சைக்கிளுக்குப் புதிய டயர் போட நினைப்பவரும் கடைக்குள் நுழைந்தவுடன் கேட்பது, 27.5 அங்குலச் சக்கரம் நல்லதா, 29 அங்குலச் சக்கரம் நல்லதா என்பதுதான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு அகலத்திலிருந்து தொடங்குவது நல்லது. டயர் அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஒன்றுதான் உண்டு: அகலமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்ட முடியும். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் ஏறும்போது துள்ளாமல் அதன் வடிவத்துக்கு மடங்கிக்கொடுக்கிறது. தரையைப் பிடிக்கும் பட்டன்களின், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முனைகளின், எண்ணிக்கை கூடுகிறது. ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுவதும் இறக்கத்தில் முன்சக்கரம் பிடியை விடுவதும் குறைகின்றன. குறுகிய டயரில் அதே அளவுக்குக் காற்றை இறக்கினால் முதல் கல்லிலேயே ரிம் அடிபடும். ஆகவே 2.6 அங்குல டயரை வாங்கி அதில் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றை அடித்து ஓட்டுபவர், கூடுதல் எடையைச் சுமப்பதைத் தவிர வேறு பயன் எதையும் அடைவதில்லை. எவ்வளவு குறைந்த காற்றில் ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கித்தான் அகலத்தைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் ரிம், பிரேம், ஓட்டுபவரின் எடை, பாதையின் தன்மை ஆகிய நான்கும் குறுக்கே வரும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்கள்

டயரின் பக்கத்தில் பெரிய எழுத்தில் 29 × 2.25 என்று இருக்கும். அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் 57-622 என்று இன்னோர் எண் இருக்கும். நம்ப வேண்டியது இந்தச் சிறிய எண்ணைத்தான். முதல் பகுதி டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது பகுதி, டயரின் கம்பி விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தைச் சொல்கிறது. மலைச் சைக்கிள்களில் இந்த விட்டம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: 26 அங்குலம் என்று சொல்லப்படுவது 559, 27.5 அல்லது 650பி என்பது 584, 29 என்பது 622. சாலைச் சைக்கிள்களின் 700சி என்பதும் இதே 622தான். அந்த ரிம்மில் பருமனான டயரை ஏற்றியபோது வெளிவிட்டம் ஏறக்குறைய 29 அங்குலம் வந்ததால் 29 என்ற பெயர் நிலைத்தது.

அங்குலக் கணக்கை மட்டும் நம்பி டயர் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ச் சைக்கிள்களை வைத்தே பார்க்கலாம். 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியிருக்கும் டயர் 559 மி.மீ. ரிம்முக்கானது. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருக்கும் டயர் 590 மி.மீ. ரிம்முக்கானது. இரண்டுமே 26தான், ஆனால் ஒன்றை இன்னொன்றின் ரிம்மில் போட முடியாது. இதைவிட வேடிக்கை, பால்காரர்களும் தபால்காரர்களும் காலங்காலமாக ஓட்டிய 28 × 1½ பெரிய சைக்கிளின் ரிம் 635 மி.மீ.; அதாவது இன்று 29 என்று விற்கப்படும் சக்கரத்தின் ரிம்மைவிட 13 மி.மீ. பெரியது. எனவே கடைக்குப் போகும்போது பழைய டயரில் உள்ள அந்தச் சிறிய எண்ணை ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது, எத்தனை அங்குலம் என்று வாயால் சொல்வதைவிடப் பாதுகாப்பானது.

ரிம்மின் உள் அகலம்

டயருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ரிம். இதில் வெளி அகலம் நமக்குப் பயன்படாது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள உள் அகலம்தான் கணக்கு. நல்ல ரிம்களில் 622×30 என்பது போன்ற எண் ஒட்டியோ பொறித்தோ இருக்கும். அதில் 30 என்பது உள் அகலம். எண் இல்லாவிட்டால் டயரைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரையோ சாதாரண அளவுகோலையோ வைத்து அளந்துகொள்ளலாம். தொடக்க விலைச் சைக்கிள்களில் இந்த அளவு 19 முதல் 21 மி.மீ. வரை இருப்பது வழக்கம். அதில் 2.1 அங்குல டயர் நன்றாக உட்காரும், 2.25 வரையிலும் போகலாம், அதற்கு மேல் போவது வீண். 25 மி.மீ. ரிம்முக்கு 2.2 முதல் 2.4 வரையும், 30 மி.மீ. ரிம்முக்கு 2.35 முதல் 2.6 வரையும் பொருந்தும். 2.8, 3.0 போன்ற பிளஸ் டயர்களுக்கு 35 முதல் 40 மி.மீ. வரை வேண்டும். 3.8 அங்குலத்துக்கு மேற்பட்ட ஃபேட் டயர்களுக்கு 65 மி.மீ. முதல் தொடங்கும் தனி ரிம்மும், அதற்கேற்ற தனி ஹப்பும், தனி பிரேமும் தேவைப்படும்; சாதாரண சைக்கிளை அப்படி மாற்ற வழியில்லை.

குறுகிய ரிம்மில் மிக அகலமான டயரை ஏற்றினால், சின்னச் சும்மாட்டில் பெரிய குடத்தை வைத்ததுபோல, காற்றைக் குறைத்தவுடன் ஆட ஆரம்பிக்கும். திருப்பத்தில் சைக்கிளைச் சாய்க்கும்போது பக்கச் சுவர் ஒரு பக்கமாக மடிந்து, பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதுபோலத் தோன்றும். அதைத் தவிர்க்க ஓட்டுபவர் மறுபடியும் காற்றைக் கூட்டுவார், அகல டயர் வாங்கிய நோக்கமே அத்துடன் போய்விடும். மாறாக, அகலமான ரிம்மில் குறுகிய டயரைப் போட்டால் டயரின் மேல்பகுதி தட்டையாகி, ஓரப் பட்டன்கள் வேண்டாத இடத்தில் நிமிர்ந்துகொள்ளும். பக்கச் சுவர் வெளியே தெரிவதால் கல் கிழிக்கும். டயர் நிறுவனங்களே சிலவற்றை ரிம்மைக் கருதித்தான் வடிவமைக்கின்றன. மேக்ஸிஸ் டயர்களில் டபிள்யூடி (WT) என்ற குறி இருந்தால், அது 30 முதல் 35 மி.மீ. வரை உள் அகலம் கொண்ட ரிம்மை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று பொருள். அதை 21 மி.மீ. ரிம்மில் ஏற்றிவிட்டு டயரைக் குறை சொல்லக் கூடாது.

ரிம் மாறினால் டயரின் உண்மையான அகலமும் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயரின் அகலம் ஏறக்குறைய 0.4 மி.மீ. கூடும். ஒரே டயர் 25 மி.மீ. ரிம்மிலிருந்து 30 மி.மீ. ரிம்முக்கு மாறும்போது 2 மி.மீ. வரை பருத்துவிடும். சைக்கிளின் பிரேமில் இடம் நெருக்கமாக இருந்தால் இந்த 2 மி.மீ. பெரிய விஷயம்.

பிரேமில் இடம் இருக்கிறதா?

டயர் எவ்வளவு அகலம் வரை போகலாம் என்பதைப் பிரேம் தயாரித்த நிறுவனமே அறிவித்திருக்கும், போர்க்குக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. அந்தத் தகவல் கையில் இல்லை என்றால் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கொண்டு நாமே பார்த்துவிடலாம். இப்போது இருக்கும் டயரில் வழக்கமான காற்றை அடித்துவிட்டு, 6 மி.மீ. ஆலன் கீயை டயரின் ஓரப் பட்டனுக்கும், பெடல் அச்சுக்குப் பின்னால் சக்கரத்தை நோக்கிப் போகும் கீழ்க்குழாய்க்கும் நடுவே நுழைத்துப் பார்க்க வேண்டும். உராயாமல் உள்ளே போனால் அந்த இடத்தில் குறைந்தபட்ச இடைவெளி இருக்கிறது. இதேபோல் இருக்கைப் பக்கம் ஏறும் மேல்குழாய்களின் இணைப்பிலும், முன்போர்க்கின் வளைவுக்கு அடியிலும், முன்கியர் மாற்றி இருந்தால் அதன் அருகிலும் பார்க்க வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே பார்ப்பது அவசியம், ஏனென்றால் வீலில் சிறிது பெண்டு இருந்தால் ஒரு பக்கம் இடைவெளி இருப்பதுபோலத் தோன்றி, அரைச்சுற்றில் மறுபக்கம் உரசும். முதலில் பெண்டு எடுத்துவிட்டுப் பிறகு அளப்பதே முறை.

இப்போதுள்ள டயர் 54 மி.மீ., இரண்டு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 6 மி.மீ. விட்டுவிட வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 4 மி.மீ. மிச்சம், ஆக 62 மி.மீ. வரை, அதாவது 2.4 அங்குலம் வரை போகலாம். புதிய டயர் மாட்டிய சில நாட்களில் அதன் துணி நீண்டு இன்னும் சிறிது பருக்கும் என்பதால், இந்தக் கணக்கின் கடைசி மில்லிமீட்டரைத் தொடாமல் இருப்பது நல்லது. களிமண் பாதையில் ஓட்டுபவர்கள் 6 மி.மீ. போதும் என்று நினைக்கவே கூடாது. சேறு பட்டன்களில் ஒட்டிக்கொண்டு பிரேமை அரைத்து, பெயிண்டைத் தின்றுவிட்டு அலுமினியத்தையும் தேய்க்கும். கார்பன் பிரேமாக இருந்தால் சேதம் இன்னும் மோசம்.

பாதைக்கும் எடைக்கும் ஏற்ற அகலம்

இனி அகலத்தை முடிவு செய்யலாம். தார்ச்சாலையில் பாதி தூரமும் தோட்டத்து மண்சாலையில் பாதி தூரமும் ஓட்டுபவர்களுக்கு, அதாவது நீலகிரியிலோ ஏற்காட்டிலோ வார இறுதியில் சைக்கிள் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு, நடுவில் பட்டன்கள் நெருக்கமாகவும் ஓரத்தில் சற்று உயரமாகவும் உள்ள 2.2 முதல் 2.35 வரையிலான டயர் போதும். மேக்ஸிஸ் ஐகான், விட்டோரியா மெஸ்கால் போன்றவை இந்த வகை. வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையே நோக்கம் என்றால் 2.4 முதல் 2.5 வரை செல்லலாம். ஆனால் அகலத்தைவிடப் பக்கச் சுவரின் தடிமன் அங்கே முக்கியமாகிறது. மெல்லிய சுவர் கொண்ட 29 × 2.25 டயர் 700 கிராம் அளவில் இருக்கும். தடித்த சுவரும் பெரிய பட்டன்களும் கொண்ட 29 × 2.5 டயர் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். சக்கரத்தின் ஓரத்தில் கூடும் இந்த எடை ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் காலில் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தார்ச்சாலையில் ஏறிப் போய்விட்டு, மேலே சில கிலோமீட்டர் மட்டும் மண்ணில் ஓட்டப் போகிறவர் 2.5 டயரைச் சுமந்துகொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மணலில் அகலம் கூடக்கூட நல்லது, சக்கரம் புதையாமல் மேலே மிதக்கும். சேற்றில் இது அப்படியே தலைகீழ்: மேலே உள்ள குழம்பைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைத் தொட வேண்டும் என்பதால், இடைவெளி விட்டு நிற்கும் உயரமான பட்டன்கள் கொண்ட 2.0 முதல் 2.25 வரையிலான டயரே அங்கே சிறந்தது. மழைக்காலத்தில் மட்டும் குறுகிய டயர் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியான பழக்கம்.

ஓட்டுபவரின் எடையும் இதில் சேரும். 55 கிலோ உள்ளவருக்கு 2.25 டயர் கொடுக்கும் மென்மையை 90 கிலோ உள்ளவர் பெற வேண்டுமானால் 2.4 அல்லது 2.5 தேவைப்படும், ஏனென்றால் அவர் 2.25 டயரில் காற்றை அவ்வளவு குறைக்க முடியாது. முன்னும் பின்னும் ஒரே டயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருப்பத்தில் பிடி வேண்டியது முன்சக்கரத்துக்கு, உருள்வதில் எளிமை வேண்டியது பின்சக்கரத்துக்கு. எனவே முன்னால் அகலமாகவும் ஆழமான பட்டன்களோடும், பின்னால் ஒரு படி குறுகலாகவும் தாழ்ந்த பட்டன்களோடும் போடுவது நல்ல ஏற்பாடு. இதைத் தலைகீழாகச் செய்தால் முதலில் வழுக்குவது முன்சக்கரமாக இருக்கும், அந்த விழுதல் எச்சரிக்கை இல்லாமல் வரும்.

26, 27.5, 29

விட்டம் பற்றிய விவாதம் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்து, ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970களில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலையில் இறக்கி ஓட்டியவர்கள் கையில் கிடைத்தது 26 அங்குலச் சக்கரம் என்பதால், மலைச் சைக்கிளே 26 என்றானது. 29 அங்குலத்துக்கென்று வந்த முதல் உண்மையான மலை டயர், டபிள்யூடிபி நிறுவனம் 1999இல் கொண்டுவந்த நானோராப்டர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் 27.5 சக்கரத்தில் ஓட்டி, 29 சக்கரத்தில் வந்த செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியிடம் கடைசி நொடிகளில் தங்கத்தை இழந்தார். 2016 ரியோவில் தங்கம் வென்றபோது ஷுர்ட்டர் ஓட்டியது 29. அவரது கால் வலிமையையும் திறமையையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சக்கரத்தின் கணக்கில் எழுதுவது தவறு என்றாலும், மலைப் பந்தயக்காரர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது அதிலிருந்து தெரியும்.

பெரிய சக்கரம் கல்லைத் தொடும் கோணம் சாய்வானது என்பதால் தடையின் மேல் எளிதில் ஏறுகிறது, எடுத்த வேகத்தையும் தக்கவைத்துக்கொள்கிறது. சிறிய சக்கரம் விரைவில் வேகமெடுக்கும், நெருக்கமான திருப்பங்களில் சட்டென்று திரும்பும், வலுவாகவும் இருக்கும். உயரம் 160 செ.மீ.க்குக் குறைவாக உள்ளவர்கள் 29ஐ வாங்குவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்; கைப்பிடி உயர்ந்துவிடும், இறக்கத்தில் உடலைப் பின்னால் தள்ளும்போது டயர் பின்புறத்தில் உரசும். ட்ரெக் நிறுவனத்தின் மார்லின் வரிசையில் சிறிய பிரேம்களுக்கு 27.5 சக்கரமும், நடுத்தர அளவிலிருந்து 29 சக்கரமும் வருவது இந்தக் காரணத்தால்தான். ஏற்கெனவே 26 சைக்கிள் வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வாங்கும்போது 26ஐத் தேடிப் போக வேண்டாம். அதற்கு நல்ல மலை டயர் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது.

அகலமும் விட்டமும் சேர்ந்துதான் சக்கரத்தின் உண்மையான உயரத்தைத் தீர்மானிக்கின்றன. 584 மி.மீ. ரிம்மில் 71 மி.மீ. பருமனுள்ள 2.8 டயரைப் போட்டால் வெளிவிட்டம் 726 மி.மீ. வரும். 622 ரிம்மில் 53 மி.மீ. உள்ள 2.1 டயரைப் போட்டால் 728 வரும். ஆகவே டிஸ்க் பிரேக் உள்ள 29 பிரேமில், அகலத்துக்கு இடம் இருந்தால், 27.5 பிளஸ் சக்கரத்தைப் போட்டாலும் சைக்கிளின் உயரம் மாறாது. அதே பிரேமில் சாதாரண அகலமுள்ள 27.5 டயரைப் போட்டால் பெடல் அச்சு ஏறக்குறைய 19 மி.மீ. தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்கும். ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக் கட்டைகள் ரிம்மைத் தொடாது என்பதால் இந்த யோசனைக்கே இடமில்லை. பின்சக்கரத்தை மட்டும் 27.5 ஆக்கி முன்னால் 29 வைக்கும் கலப்பு முறையைப் பந்தயங்களில் சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ 2019இல் அனுமதித்தது. அதற்கென்று வடிவமைத்த பிரேமில் அது நன்றாக இருக்கும், மற்றவற்றில் செய்து பார்ப்பது வீண் செலவு. விட்டத்தை மாற்றுபவர்கள் கியரையும் பார்க்க வேண்டும்: ஒரே அகலத்தில் 27.5இலிருந்து 29க்குப் போகும்போது எல்லாக் கியர்களும் 5 சதவீதத்துக்கு மேல் கனமாகிவிடும். ஏற்றத்தில் அதே எளிமை வேண்டுமானால் முன்பல்சக்கரத்தை 32 பற்களிலிருந்து 30க்கு இறக்க வேண்டும்.

காற்று

சரியான டயரை வாங்கி, தவறான காற்றில் ஓட்டுபவர்களே அதிகம். 2.2, 2.3 அளவுள்ள டியூப்லெஸ் டயருக்கு எளிய தொடக்கக் கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையைப் பவுண்டில் எடுத்து 7ஆல் வகுத்து, முன்சக்கரத்துக்கு 1 கழித்து, பின்சக்கரத்துக்கு 2 கூட்டிக்கொள்ள வேண்டும். 70 கிலோ என்பது 154 பவுண்டு. 7ஆல் வகுத்தால் 22. முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. டியூப் போட்ட டயராக இருந்தால் இதற்கு மேல் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். இந்த எண்ணில் தொடங்கி, கரடுமுரடான ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ இறக்கிக்கொண்டே வர வேண்டும். ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டாலோ, திருப்பத்தில் டயர் மடிவதாகத் தோன்றினாலோ, அங்கிருந்து 2 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டால் அதுவே உங்கள் அளவு. பெட்ரோல் பங்க் காற்றில் இதைச் செய்ய முடியாது. 1 பிஎஸ்ஐ வித்தியாசத்தைக் காட்டும் சிறிய டிஜிட்டல் கேஜ் ஒன்று வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்று ஊட்டியில் கூடிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 300 மீட்டரிலிருந்து 2,240 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 பிஎஸ்ஐ கூடித் தெரிய வேண்டும். ஆனால் அடிவாரத்து வெயிலிலிருந்து மேலே உள்ள குளிருக்குப் போகும்போது டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி 2 பிஎஸ்ஐ வரை குறைத்துவிடும். மிஞ்சுவது சொற்பமே என்றாலும், மேலே போய்ச் சேர்ந்தபின் ஒரு முறை அளந்துகொள்வதில் நஷ்டம் இல்லை. டியூப்லெஸ் போட்டிருப்பவர்கள் உள்ளே ஊற்றும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) வெப்பத்தில் விரைவாகக் காய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்து, சமவெளியில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

பின் டயர்தான் எப்போதும் முதலில் தேயும். அது தேய்ந்ததும் புதிய டயரை நேராகப் பின்னால் மாட்ட வேண்டாம். முன்னால் இருக்கும் டயர் பின்பக்க இடைவெளியில் அடங்கும் என்றால், அதைக் கழற்றிப் பின்னால் போட்டு, பட்டன் கூர்மையாக உள்ள புதியதை முன்னால் போட வேண்டும். மாட்டும்போது பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். சில டயர்களில் முன்னுக்கு ஒரு திசையும் பின்னுக்கு எதிர்த்திசையும் குறித்திருக்கும்.